ஒரு மூடியும் இல்லாத வளவு

ஐயர் கேட்டது மூன்று தேசிக்காய். குகதாசன் பதினொன்று பிடுங்கிவிட்டார். பின்வளவில் இந்த மரத்தடியில் நிற்கும்வரை ஒருவரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழமாட்டார்கள் என்பதால் பன்னிரண்டாவதுக்கும் கையை நீட்டினார். முள் புறங்கையைக் கீறியது.

முன்பக்கம் பறைமேளம் நின்றிருந்தது. யாரோ ஒலிவாங்கியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். திங்கட்கிழமை காலை, நேரம் ஒன்பது தாண்டிவிட்டது. வீட்டுக்குள் சிவலட்சுமி கூறைச்சேலையும் பெரிய குங்குமப் பொட்டுமாகப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். சனிக்கிழமை காலை கிணற்றடியில் ஜாம் போத்தல் கழுவிக்கொண்டிருந்தவள், தலை சுற்றுது என்றாள், குந்தினாள், அப்படியே சரிந்தாள். பின்னேரம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. வயது ஐம்பத்திரண்டு. சரியும்போதும் போத்தலை அவள் கைவிடவில்லை. அது உடையவுமில்லை. நேற்று மகள் கஜேந்தினி அதைத் துடைத்துப் போத்தல் சாக்குக்குள் வைத்தாள்.

அந்தச் சாக்கு விசயத்தில்தான் செத்தவீட்டின் முதற் சண்டை நடந்தது. பந்தல் போட்ட கையோடு கஜேந்தினி மூன்று உரச்சாக்குகளைக் கொண்டுவந்து வாசற் படலையடிப் பந்தல் கால்களில் வரிசையாகக் கட்டினாள். முதலாவது போத்தலுக்கு, இரண்டாவது பிளாஸ்டிக்குக்கு, மூன்றாவது தகரப் பேணிக்கு. தாயின் தமையன் முத்துலிங்கம் அதைக் கண்டு கொதித்துப் போனார். தங்கச்சியின் காரியம் குறையில்லாமல் நடக்கவேண்டும் என்று இரண்டு நாளாக நித்திரை இல்லாமல் ஓடித் திரிகிற மனிதர் அவர்.

"செத்தவீட்டில ஆரும் குப்பைச்சாக்குக் கட்டித் தொங்கவிடுவினமே? சனம் என்ன கதைக்கும்? அவிழ் பிள்ளை."

"அம்மா இருந்தாக் கட்டியிருப்பா, மாமா."

"கொம்மா இருந்தா இது செத்தவீடே இல்லையே."

பிள்ளை அழுதாள். அழுதுகொண்டே முடிச்சை இன்னும் ஒரு சுற்றுப் போட்டு இறுக்கினாள். தாயின் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது என்று குகதாசனுக்கு அந்த நேரத்திலும் பெருமையாக இருந்தது.

"அப்பா, இஞ்சையோ நிக்கிறியள்?"

கஜேந்தினிதான். கையில் ஒரு கொப்பித்தாள். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது. "ஐயர் தேசிக்காய் எங்கையெண்டு கேக்கிறார். அம்மாவோட வேலை செய்த அனோஜா அன்ரியாக்களும் வந்திட்டினம். உரை வாசிக்கிறது அன்ரிதான். நான்தான் எழுதினனான். பிழை இருந்தாச் சொல்லுங்கோ."

குகதாசன் கண்ணாடி இல்லாததால் தாளை எட்டப் பிடித்து வாசித்தார். துணுக்காயில் பிறந்தது, படித்தது, கலியாணம், இடப்பெயர்வு, திரும்பி வந்தது, முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலையில் பதினான்கு வருடம். எல்லாம் சரி. கடைசிப் பந்தி இப்படி இருந்தது:

'எங்கள் அம்மா தான் எடுத்த மிதிவெடிகளைப் பற்றி வீட்டில் பெருமை பேசியதில்லை. அவர் பெருமையாகச் சொன்னது ஒன்றே ஒன்றைத்தான். எங்கள் அரை ஏக்கர் வளவில், மண்ணுக்குக் கீழே ஒரு பேணி இல்லை, ஒரு போத்தல் இல்லை, ஒரு மூடிகூட இல்லை. இதை அவர் தலைமாட்டில் நின்று சத்தியமாகச் சொல்கிறோம்.'

குகதாசன் கடைசி வசனத்தில் விரலை வைத்தார்.

"சத்தியமா எண்டு போடத்தான் வேணுமே, பிள்ளை?"

"ஏன் அப்பா? பொய்யே?"

மகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தேசிமரத்தின் அடியைப் பார்த்தார்.

"இல்லையில்லை. வடிவா எழுதியிருக்கிறாய்."

அவள் தாளை வாங்கி மடித்தாள். பிறகு சேலைத் தலைப்பில் தேசிக்காய்களை வாங்கிக்கொண்டு போனாள்.

பொய்தான். அது பொய் என்று இந்த உலகத்தில் தனக்கு மட்டுந்தான் தெரியும் என்று குகதாசன் பதினொரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

சிவலட்சுமிக்கு இந்தப் பிடிவாதம் வந்த கதை ஊருக்கே தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். கையிலிருந்த உலோகம் தேடும் கருவி கத்தியது. அது மிதிவெடிக்கும் கத்தும், ஆணிக்கும் கத்தும், அதற்கு வித்தியாசம் தெரியாது. கத்தினால் முழங்கால் ஊன்றி இருந்து, பக்கவாட்டிலிருந்து, மண்ணை விரலளவு விரலளவாகச் சுரண்டவேண்டும். முகக்கவசத்துக்குள் வியர்வை கண்ணை எரிக்க, வீட்டில் விட்டுவந்த பத்து வயது மகளை நினைத்துக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் சுரண்டினாள். கடைசியில் வந்தது ரின்மீன் பேணியின் மூடி.

"ஆரோ ஒருத்தர் திண்டிட்டு எறிஞ்சவர்" என்றாள் அன்று பின்னேரம், கை கால் கழுவாமல் படியில் இருந்து. "அவருக்கு ஞாபகமும் இராது. எனக்கு ஒண்டரை மணித்தியாலம் உயிர் போய்ப் போய் வந்தது."

பிறகு எழும்பி மண்வெட்டியை எடுத்தாள். எல்லா வீட்டையும் போல அவர்கள் வளவின் மூலையிலும் ஒரு குப்பைக் கிடங்கு இருந்தது. அதை அடிவரை கிண்டினாள். பேணியும் போத்தலும் துருப்பிடித்த கம்பியுமாக ஆறு சாக்கு வந்தது. "எங்களால ஒரு மனிசர் இனி முழங்காலில இருக்கக்கூடாது" என்று சொல்லிக் கிடங்கை மூடிவிட்டாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வீட்டில் போத்தல் நாள். குகதாசனுக்குக் கழுவுகிற வேலையும் பேப்பர் உரிக்கிற வேலையும். மகளுக்குப் பேணி உழக்குகிற வேலை. தகரம் காலை வெட்டிவிடும் என்று தகப்பனின் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பிள்ளை டங்கு டங்கென்று உழக்குவாள். சிவலட்சுமி மேற்பார்வை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு வளவு முழுக்க ஒரு நடை நடந்து பார்ப்பாள். "மகாராணி நகர்வலம் வெளிக்கிட்டிட்டா" என்று குகதாசன் நக்கலடிப்பார். அவள் காதில் விழுத்தமாட்டாள். கட்டிய சாக்குகளைச் சைக்கிளில் வைத்துப் பரந்தன் சந்தியில் இருக்கிற பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோவதும் அவர்தான். ஊர் அவர்களுக்குப் போத்தல் குடும்பம் என்று பேர் வைத்தது. வீட்டுக்கு வழி கேட்டு வருகிறவர்களுக்கு அது வசதியாகவும் இருந்தது.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது. வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கட்டிக் குடிபுகுந்து ஒரு கிழமை. புது வீட்டு வாசலுக்குள் குடி வராது என்று மனைவியின் கையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தார். வாசலுக்குள்தானே வரக்கூடாது, பின்வளவு வாசலா என்று ஒரு நியாயம் வைத்துக்கொண்டு, அவள் வேலைக்குப் போன நேரம் ஒரு கூட்டாளியோடு பனைக்குக் கீழே குந்தினார். இருபத்திநாலு பியர் பேணி, கடித்துக்கொள்ள இரண்டு ரின்மீன். மூன்று மணிக்குத்தான் தலைக்குள் வெளிச்சம் வந்தது. நாலு மணிக்கு அவள் வந்துவிடுவாள். பேணிச் சாக்குக்குள் போட்டால் ஞாயிற்றுக்கிழமை சோதனையில் பிடிபடும். சைக்கிளில் கொண்டுபோகவோ, சைக்கிளும் அவரும் ஒரே பக்கம் சரிகிற நிலைமை.

எல்லாவற்றையும் ஓர் உரப்பைக்குள் போட்டு முழங்கால் ஆழத்தில் குழி வெட்டித் தாட்டார். புதுமண் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்து வீட்டார் தந்து இரண்டு கிழமையாகக் கிணற்றடியில் வாடிக் கிடந்த தேசிக்கன்றைத் தூக்கிவந்து அதற்கு மேலே நட்டார். தண்ணியும் ஊற்றினார். அந்த நேரத்தில் தன்னைப் போலப் புத்திசாலி வன்னியில் இல்லை என்று நினைத்தார்.

சிவலட்சுமி வந்தாள். "ஆர் நட்டது?" என்றாள். "நான்தான்." "நீங்களோ?" கன்றைப் பார்த்தாள். மண்ணைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "நல்லம்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டாள்.

அன்றோடு அவர் வளவில் குடிக்கவில்லை. நல்லவராகிவிட்டார் என்றில்லை. ஒளிக்க இன்னொரு மரம் நட அவருக்குத் தெம்பில்லை. தேசி மட்டும் வஞ்சகமில்லாமல் வளர்ந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் சிவலட்சுமி தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொடுத்து, "இது இவர் தன்ர கையால நட்ட மரம்" என்பாள். சீனி எவ்வளவு போட்டாலும் குகதாசனுக்கு அது புளித்தது.

இப்போது அவர் மரத்தடியில் நின்று யோசித்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. கிரியை முடியும், தூக்குவார்கள், எரியும். ஆனால் பதினான்கு வருடம் முழங்காலில் இருந்தவளின் தலைமாட்டில் நின்று, அவளுடைய ஒரே பெருமையை ஊர் கேட்கச் சத்தியம் பண்ணப்போகிறார்கள். அந்தச் சத்தியத்தைப் பொய்யாக்கிவைத்திருப்பது கட்டின புருசன். அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அவளைத் தூக்குவதற்கு முன், உரை வாசிப்பதற்கு முன், பையை வெளியில் எடுத்துவிட வேண்டும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டில் மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துவந்தார்.

நாலாவது வெட்டு வேரில் பட்டுத் தெறித்தபோது முத்துலிங்கம் வந்துவிட்டார்.

"மச்சான்! உனக்கென்ன விசரே? கிரியைக்கு இருக்கவேண்டிய மனிசன். ஐயர் உன்னைக் குளிச்சிட்டு வரட்டாம் எண்டு கத்துறார்."

"ஒரு பத்து நிமிசம் தா."

"என்னத்துக்கு?"

"சொல்லேலாது."

முத்துலிங்கம் குழியைப் பார்த்தார். மண்வெட்டியைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது. கிட்டவந்து, சுகமில்லாத பிள்ளையோடு கதைக்கிற குரலில் சொன்னார்.

"இஞ்சை பார், குகன். அவளைப் புதைக்கிறேல்லை. எரிக்கிறது. சுடலையில விறகெல்லாம் அடுக்கியாச்சு. நீ ஒண்டும் வெட்டத் தேவையில்லையடா."

குகதாசன் அடுத்த வெட்டை வெட்டினார். முத்துலிங்கம் தலையில் கைவைத்துக்கொண்டு முன்பக்கம் ஓடினார்.

திரும்பி வந்தபோது அனோஜாவைக் கூட்டிவந்தார். சிவலட்சுமியோடு ஒரே அணியில் வேலை செய்தவள். பின்னால் இன்னும் நாலு பெண்கள். வேலைத்தளத்தில் அரைநாள் லீவு கேட்டு நேரே வந்திருந்தார்கள். நீலச் சட்டை, நீலக் காற்சட்டை, முழங்காலில் முகமாலை மண். சப்பாத்துகளைப் படலையடியில் கழற்றிவைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றார்கள். வேலி ஓரமாகக் கஜேந்தினியும் வந்து நின்றாள்.

"என்ன அத்தான் செய்யிறியள்?" என்றாள் அனோஜா. சிவலட்சுமி அவர்களுக்கு அக்கா, ஆகவே குகதாசன் அந்த அணிக்கே அத்தான்.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

"அனோஜா, அந்தப் பேப்பரின்ர கடைசிப் பந்தியை வாசிக்காதை. அது பொய்."

"என்ன பொய்?"

"இதுக்குள்ள இருக்கு. இருபத்திநாலு பியர் பேணி. ரெண்டு ரின்மீன். நான்தான் தாட்டனான். அவளுக்கு ஒளிச்சுத் தாட்டனான். பதினொரு வருசமா அவளுக்குச் சொல்லேல்லை." குரல் உடைந்தது. "ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவம் சொல்லுவம் எண்டு இருந்தனான். சனிக்கிழமை அவள் போயிட்டாள்."

முத்துலிங்கம் வாயைத் திறந்தார். "செத்தவீட்டில இதையும் ஒரு கதையெண்டு..."

"அதில பத்து நீ குடிச்சது, மச்சான்."

முத்துலிங்கம் வாயை மூடினார். அவருக்கு அந்தப் புதன்கிழமை அப்போதுதான் ஞாபகம் வந்தது. முகத்திலேயே தெரிந்தது.

அனோஜா மற்றப் பெண்களைப் பார்த்தாள். ஒருத்தி சட்டென்று மறுபக்கம் திரும்பி இருமினாள். அனோஜா தன் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு குகதாசனின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி வேலியில் சாத்தினாள்.

"மண்வெட்டியால தேடினா அக்கா எழும்பி வந்து பேசுவா. எங்கட முறை இருக்கு. முழங்காலில இருங்கோ."

"நானோ?"

"தாட்டது நீங்கள்தானே?"

அவர் முழங்காலில் இருந்தார். அவருக்கு இரு பக்கமும் ஐந்து நீலச் சட்டைகளும் வரிசையாக முழங்காலில் இறங்கின. யாரோ குசினியிலிருந்து ஒரு சிரட்டையும் ஒரு பிடி ஈர்க்கும் கொண்டுவந்தார்கள். "மேலால இல்லை, பக்கத்தால. சுரண்டுங்கோ. தட்டுங்கோ. பாருங்கோ. பிறகு சுரண்டுங்கோ." அவர் சுரண்டினார். சிரட்டைக்குள் மண் வந்தது. ஈர்க்கால் தட்டினார், பார்த்தார், சுரண்டினார். ஐந்து நிமிடத்தில் முழங்கால் இரண்டும் சில்லுச் சில்லாகப் போவதுபோல் வலித்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. தகர முனை தட்டுப்படும் தட்டுப்படும் என்று பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. பதினான்கு வருடம் இப்படி இருந்துவிட்டா வந்து அவள் தேத்தண்ணி போட்டாள் என்று நினைத்தார். இதை ஒருநாளும் கேட்காமல், நகர்வலம் என்று நக்கலடித்திருக்கிறார். அவர் அழுதார். அழுதுகொண்டே சுரண்டினார்.

முழங்கால் ஆழத்துக்கு வந்துவிட்டது. பையும் இல்லை, பேணியும் இல்லை. வேருக்கும் வேருக்கும் நடுவில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது.

"தட்டுப்படுது" என்றார் மெதுவாக.

"இரும்போ?"

தொட்டுப் பார்த்தார். "இல்லை. தடி."

"ஈர்க்கால தட்டுங்கோ. இழுக்காதையுங்கோ."

தட்டத் தட்ட ஒரு பனஞ்சிலாகை தெரிந்தது. கறையான் தொடாத வைரச் சிலாகை. ஒரு சாண் நீளம். செங்குத்தாக அடித்திருந்தது. தலையில் மஞ்சள் பெயின்ற்.

"எங்கட வேலையில ஒரு சாமான் எடுத்த இடத்தில இப்படித்தான் மஞ்சள் தடி அடிக்கிறது" என்றாள் அனோஜா. இப்போது அவள் குரலும் சரியாக இல்லை. "எழுத்து இருக்கும். வாசியுங்கோ அத்தான்."

குகதாசன் தடியின் பக்கத்தைப் பெருவிரலால் துடைத்தார். ஆணியால் கீறிய எழுத்து. சிவலட்சுமியின் கையெழுத்து, ழகரத்துக்கு வால் நீட்டுகிற, சந்தேகமே இல்லாத கையெழுத்து.

'14.09.2014 ஞாயிறு. பேணி 26. முழுவதும் துப்புரவு.'

அவர் அதை மூன்றுதரம் வாசித்தார்.

புதன்கிழமை தாட்டது. ஞாயிற்றுக்கிழமை எடுத்திருக்கிறாள். நாலே நாள்! அந்த ஞாயிறு அவருக்கு முழுசாகத் திரும்பி வந்தது. சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தபோது, வழமைக்கு மாறாகச் சாக்கு கட்டித் தயாராகச் சைக்கிளில் ஏற்றியிருந்தது. பேணி உழக்கி முடிந்தது என்றாள். "இண்டைக்குக் கொஞ்சம் கூட. பாத்துப் போங்கோ" என்றாள். அவர் மிதித்துக்கொண்டு படலையைத் தாண்டும்போது கூப்பிட்டு, "வரேக்க கச்சான் கடலை ஒரு சுருள் வாங்குங்கோ" என்றாள். "நீ கச்சான் தின்னுறேல்லையே?" "எனக்கில்லை. உங்களுக்குத்தான் தேவைப்படும்" என்றாள். அவர் தன்னுடைய பியர் பேணிகளைத் தானே பரந்தன் சந்திவரை மிதித்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பியருக்குக் கடித்துக்கொள்கிற கச்சானையும் வாங்கிக்கொண்டு சந்தோசமாக வந்திருக்கிறார்.

மிதிவெடி எடுக்கிறவளிடம் புதுமண்ணை மறைக்கப் பார்த்த மனிதன் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்று அனோஜாவைக் கேட்டார்.

"காம்ப் முழுக்கத் தெரியும், அத்தான். லைனில கருவி கத்தி ஆராவது பயந்தா அக்கா சொல்லுவா, 'பயப்பிடாதையடி, எங்கட மனிசன் தாட்ட பியர் பேணியாத்தான் இருக்கும்' எண்டு. சிரிச்சிட்டுக் கை நடுங்காமல் எடுப்பம்."

வேலி ஓரத்திலிருந்து கஜேந்தினி வந்து அவருக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"நான்தானே அப்பா உழக்கினனான். உங்கட சப்பாத்தைப் போட்டுக்கொண்டு."

"உனக்குமோ? பிறகேன் அப்ப பொய்யே எண்டு கேட்டனி?"

"அம்மா சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவா. அவர் தானாச் சொல்லுவார், நீ பாத்துக்கொண்டு இரு எண்டவா. நான் பந்தயம் பிடிச்சனான், நீங்கள் சொல்லமாட்டியளெண்டு." அவள் கண்ணைத் துடைத்தாள். "அம்மா வெண்டிட்டா."

குகதாசனுக்குச் சிரிப்பு வந்தது. செத்தவீட்டில் சிரிக்கக்கூடாது என்று அடக்கப் பார்த்தார். முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். முழங்காலில் இருந்தபடியே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மண் படிந்த கன்னத்தில் கண்ணீர் கோடு கோடாக ஓட ஓடச் சிரித்தார். நீலச் சட்டைகளும் சிரித்தன, அழுதன. முன்பக்கம் இருந்த சனம் எட்டிப் பார்த்தது. சனிக்கிழமையிலிருந்து நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த கல் ஒன்று இறங்கியதுபோல் இருந்தது. அவள் பொய்க்காரியாகப் போகவில்லை. பதினொரு வருடமும் அவள் சொன்னது உண்மை. அவர்தான் உண்மை தெரியாமல் தேசிக்காய்த் தண்ணி குடித்திருக்கிறார்.

"காணி கையளிக்கேக்க தடியெல்லாத்தையும் பிடுங்கிறது" என்றாள் அனோஜா. "நீங்களே பிடுங்குங்கோ."

அவர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். தடி வந்தது. அதை இடுப்பில், வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டு குளிக்கப் போனார்.

அனோஜா கடைசிப் பந்தியை வாசித்தாள். "சத்தியமாகச் சொல்கிறோம்" என்று முடித்துத் தாளை மடித்துவிட்டு, எழுதாத ஒன்றையும் சொன்னாள்.

"நாங்கள் ஒரு காணியைத் துப்புரவாக்கிக் குடுக்கேக்க, சனத்துக்கு நம்பிக்கை வாறதுக்கு நாங்களே முதல் அதுக்குள்ள நடந்து காட்டுறனாங்கள். அக்கான்ர வளவு அப்படியான வளவு. ஆரும் வெறுங்காலோட எங்கையும் நடக்கலாம்."

குகதாசன் ஈரவேட்டியோடு நின்று கேட்டார். இந்த ஊரில் யாருக்கும் இப்படி ஒரு உரை கிடைத்ததில்லை என்று நினைத்தார். பெட்டிக்குள் இருந்தவளைப் பார்த்தார். வழமையாக அவள் வாயோரத்தில் ஒரு சிரிப்பை மடித்து வைத்திருப்பாள். இன்றைக்கு அது இருக்கிறதோ இல்லையோ, இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டார்.

கிரியை முடிந்து தூக்கும் நேரம் வந்தது. ஆம்பிளைகள் ஆறு பேர் துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தார்கள். அனோஜா அவர்களை மறித்தாள்.

"படலைவரைக்கும் நாங்கள் கொண்டுவாறம்."

முத்துலிங்கம் ஐயரைப் பார்த்தார். பொம்பிளைகள் படலையைத் தாண்டுவதில்லை என்பதுதான் வழக்கம், படலைக்கு இந்தப்பக்கம் யார் தூக்குவது என்று யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. ஐயர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். முத்துலிங்கம் துவாய் கட்டிய ஆம்பிளைகளைப் பார்த்து, "விடுங்கோ. அவள் அவையின்ர ஆள்" என்றார்.

ஐந்து நீலச் சட்டைகள். ஆறாவது தோள் கஜேந்தினியினது. வாசலுக்கும் படலைக்கும் நடுவில் நேர்ப்பாதை இருந்தும் அவர்கள் அதில் போகவில்லை. வீட்டைச் சுற்றி, கிணற்றடியால், தேசிமரத்தடியால், பழைய குப்பைக் கிடங்கு இருந்த மூலையால், வெறுங்காலோடு, ஒருவரும் நிலத்தைப் பார்க்காமல், தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். குகதாசன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனார். ஒப்பாரி வைத்த பொம்பிளைகள்கூட ஒப்பாரியை விட்டுவிட்டு எழும்பி நின்று பார்த்தார்கள். பின்னால் வந்த சனம் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றியது.

படலையடியில் பெட்டி தோள் மாறியது. மத்தியான வெயில் கொளுத்தியது. முத்துலிங்கம் ஒரு தண்ணிப் போத்தலைத் திறந்து அண்ணாந்து குடித்தார். நீல நிற மூடி அவர் கையிலிருந்து நழுவி, உருண்டு, வேலிக்கரை மண்ணில் போய்ப் படுத்தது. அவர் ஓரடி எடுத்து வைத்தார். பிறகு நின்றார். பறைமேளக்காரர் கம்பை ஓங்கியபடி அவருக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

முத்துலிங்கம் பெரிய உடம்பை வளைத்து, ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி, மூடியை எடுத்தார். மண்ணை ஊதினார். பந்தல் காலடிக்கு வந்து மூன்று சாக்குகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மச்சான், மூடி எதுக்குள்ள?"

கொள்ளிச்சட்டி தோளில் இருந்ததால் குகதாசன் நாடியால் காட்டினார்.

"ரெண்டாவது."